கடற்கரை இறால் பண்ணைகளும் அவற்றைச் சூழ்ந்த நீரும் நிலமும்

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டையைப் போன்ற உள்நாட்டு ஊர்களில் மீன் வளர்ப்பு ஏரியோடு இணைந்த தொழிலாகும். மழைநீர் ஏரியில் நிரம்பியதும் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இனக் குஞ்சுகளை விடுவர். அவை பெரும்பாலும் நீரில் இயல்பாக உண்டாகும் நுண்ணுயிர்களையும் மட்கிய தாவரப் பொருள்களையும் தின்று வளரும். கோடையில் நீர் வற்றும்போது அவற்றைப் பிடித்து விற்பர். அடியில் எஞ்சும் வண்டல் வயலுக்கு எருவாகும். மீனின் கழிவினால் ஊருக்குக் கேடு விளைந்தது என்ற முறையீடு எழுவது அரிது. 2018-ஆம் ஆண்டு முதல் பெங்களூரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் கோலார் மாவட்டத்து ஏரிகள் பலவற்றுக்குக் கொண்டுவரப்படுகிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று, இந்த நீர் மீனுக்கு என்ன செய்யும் என்பதாகும். கடற்கரையிலோ கேள்வி தலைகீழாக நிற்கிறது. மீனும் இறாலும் நீருக்கு என்ன செய்கின்றன என்பதே அங்கு ஆராய வேண்டிய பொருள்.

ஆகவே, ஏரியைப் பார்த்துப் பழகிய கண் கடற்கரைப் பண்ணையைப் பார்க்கும்போது ஏமாறக்கூடும். ஏரி கரைக்குள் அடங்கியது. அதன் நீர் நன்னீர். மீனுக்கு வெளியிலிருந்து இடும் தீவனமும் குறைவு. கடற்கரைக் குட்டையில் இம்மூன்றும் மாறிவிடுகின்றன. உப்புநீரை நிலத்தின்மேல் ஏற்றி மாதக்கணக்கில் நிறுத்துகின்றனர். தீவனத்தை மூட்டை மூட்டையாக இடுகின்றனர். பின்னர் அந்நீரை அண்டையிலுள்ள ஓடையிலோ கழிமுகத்திலோ விடுகின்றனர். அவ்வோடையிலிருந்தே அடுத்த பண்ணைக்காரர் தம் குட்டைக்கு நீர் இறைக்கிறார்.

நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கு

தமிழகக் கடற்கரையில் இறால் பண்ணைகள் 1990-ஆம் ஆண்டை ஒட்டி விரைவாகப் பெருகின. ஏற்றுமதி விலையும் வங்கிக் கடனும் இவ்வளர்ச்சிக்குத் துணை செய்தன. காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதிகளான நாகப்பட்டினம், தரங்கம்பாடி, சீர்காழி வட்டாரங்களில் வயல்களும் குட்டைகளாயின. குடிநீர்க் கிணறுகள் உவர்ப்பாயின என்றும், வயல்கள் களராயின என்றும், மீனவர் கடலுக்குச் செல்லும் வழி அடைபட்டது என்றும் முறையீடுகள் எழுந்தன. காந்தியத் தொண்டரும் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவருமான ச. ஜகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றத்தின் ஆணைப்படி நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சிக் கழகம் தமிழகம், ஆந்திரம் ஆகியவற்றின் கரையோரங்களை 1995-இல் ஆய்ந்தது. பண்ணைகளால் கிடைக்கும் வருவாயைக் காட்டிலும் அவற்றால் விளையும் இழப்பே மிகுதி என்பது அதன் முடிவு.

1996 டிசம்பர் 11-ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். 1991-இல் வரையறுக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பழைய முறையிலும் திருத்திய பழைய முறையிலும் நடப்பவை தவிர ஏனைய இறால் குட்டைகள் கூடா என்றும், விளைநிலம், உப்பளம், சதுப்புநிலம், அலையாத்திக் காடு ஆகியவற்றைக் குட்டையாக மாற்றலாகாது என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. சில்கா, பழவேற்காடு ஆகிய ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டர் வரையிலும் தடை விதிக்கப்பட்டது. மறு ஆய்வு மனுக்கள் தொடர்ந்தமையால் தீர்ப்பு அப்படியே நிறைவேறவில்லை. 1997-இல் ஓர் ஆணையம் அமைந்தது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. ஆணையத்தின் தலைமையிடம் சென்னையாகும்.

இவ்வழக்கிலிருந்து களப்பணியாளர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு கிணற்று நீர் உப்பாக இருக்கிறது என்று காட்டுவது எளிது. அது பண்ணையினால் உப்பாயிற்று என்று காட்டுவதற்குப் பண்ணை தோன்றுவதற்கு முன் அக்கிணறு எப்படி இருந்தது என்ற அளவு வேண்டும். அவ்வளவு இல்லாத இடத்தில் இரு தரப்பாரும் உண்மையென நம்பியே எதிரெதிராகப் பேசுவர். வழக்கும் வாதமாகவே நின்றுவிடும்.

குட்டைக்குள் நிகழ்வன

ஒரு டன் இறாலை விளைவிக்கச் சுமார் ஒன்றரை டன் தீவனம் செலவாகிறது என்று கொள்வோம். தீவனத்தில் நூற்றுக்கு 36 பங்கு புரதம் இருப்பின், அதனுள் அடங்கிய நைட்ரஜன் ஏறத்தாழ 86 கிலோகிராம் ஆகும். இதில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே இறாலின் உடலில் சேர்கிறது. எஞ்சிய 60 கிலோகிராம் அளவிலான நைட்ரஜன் தின்னாத தீவனமாகவும், இறாலின் கழிவாகவும், நீரில் கரைந்த அம்மோனியாவாகவும் குட்டையில் தங்குகிறது. அதில் ஒரு பகுதி காற்றில் கலக்கும். ஒரு பகுதி அடிச்சேற்றில் படியும். மற்றது நீரோடு வெளியேறும்.

கரைந்த சத்துக்களை உண்டு நீரில் பச்சைப் பாசி நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை பகலில் சூரிய ஒளியால் பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவிலோ அவையும் அதனைச் சுவாசித்துச் செலவழிக்கின்றன. வெப்ப மண்டலத்தில் இந்த ஏற்ற இறக்கம் கொடியது. 10 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைக்க வல்லது. 30 பாகையில் அது 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல் மட்டுமே. கையிருப்பு குறைவாக உள்ள இடத்தில் செலவோ மிகுதி. வெப்பம் ஏற ஏற உயிர்களின் சுவாசமும் விரைவாகும் அன்றோ? விடியலுக்கு முன் பண்ணைகளில் காற்றூட்டும் சக்கரங்கள் ஓயாமல் சுழல்வதன் காரணம் இதுவே.

அம்மோனியாவிலும் இத்தகைய ஒரு நுட்பம் இருக்கிறது. நீரில் அது இரு வடிவங்களில் நிற்கிறது. அயனியாகாத வடிவமே உயிர்களுக்குப் பெரும் நஞ்சு. 30 பாகை வெப்பத்தில் பி.எச். அளவு 7 ஆக உள்ள நீரில் இவ்வடிவம் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 9-ஐ எட்டினால் அது ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு உயர்ந்துவிடும். பாசி செழித்த குட்டையில் பிற்பகலில் பி.எச். உயர்வது இயல்பு. எனவே மொத்த அம்மோனியாவை மட்டும் குறித்து, வெப்பத்தையும் பி.எச்.-ஐயும் குறிக்காத பதிவேடு பாதிப் பதிவேடேயாகும்.

அளக்கும் வேளை

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை பெறப்படும். காலை பதினொரு மணிக்கு வண்டியில் வந்திறங்கி, பண்ணையின் மதகில் ஒரு புட்டி நீரை எடுத்துச் செல்லும் அதிகாரி நல்ல நீரையே காண்பார். வெயிலில் பாசி வெளியிட்ட பிராணவாயு அந்நேரத்தில் நிறைந்திருக்கும். அதே நீரை விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்தால் கணக்கு வேறாக இருக்கும். ஆணையம் வகுத்த வழிகாட்டு அளவுகளின்படி, வெளிவிடும் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாத பிராணவாயு இருத்தல் வேண்டும். மிதக்கும் துகள்கள் 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அழுகும் பொருள்களைச் சிதைக்க நுண்ணுயிர்கள் ஐந்து நாட்களில் கொள்ளும் பிராணவாயு, திறந்த கடலோர நீரில் விடுவதாயின் 50 மில்லிகிராமும், ஓடையில் விடுவதாயின் 20 மில்லிகிராமும் மிகாதிருக்க வேண்டும். ஓடைக்குக் கடுமையான அளவு விதித்தது பொருத்தமே. ஆனால் இவ்வளவுகள் யாவும் எந்த வேளையில் எடுத்த நீருக்கு என்பதை நோக்காவிடில் பயன் சிறிது.

அறுவடைக் காலமே மிக முக்கியமானது. குட்டையின் நீரை வடிக்கும்போது முதலில் வெளிவரும் மேல்நீர் ஓரளவு தெளிவாகவே இருக்கும். கடைசியில் வெளிவரும் சிறு பகுதியே அடிச்சேற்றைக் கலக்கிக்கொண்டு வருவது; பல மாதங்களாகப் படிந்த சுமையின் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் அச்சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. இக்கடைசி நீரைத் தனிக் குட்டையில் தேக்கிப் படியவைத்து, பின்னர் விடும் பண்ணைக்கும் நேரே ஓடையில் விடும் பண்ணைக்கும் உள்ள வேறுபாடு வேறெந்த அளவிலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

ஓடையில் மாதிரி எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆற்றில் மேல்புறம், கீழ்புறம் என்பவை மாறுவதில்லை. ஓத நீர் ஏறி இறங்கும் ஓடையிலோ அவை ஒரு நாளில் பலமுறை இடம் மாறும். ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும் தனித்தனியே எடுத்தாலன்றிக் கழிவு எவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது என்பது புலப்படாது. தமிழகக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு. வங்கத்துச் சுந்தரவனத்தில் அது பல மீட்டர். ஆகவே அங்கு ஒரே நாளில் கழுவப்படும் கழிவு இங்கு ஓடையிலேயே முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். கோடையில் சிற்றாறுகளின் முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்துவிட்டால் அந்த அசைவும் நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த சனவரியில் எடுத்த ஒரே ஓர் அளவைக் கொண்டு ஓடை நலமாக இருக்கிறது என்று எழுதுவது, நோயாளியை அவர் உண்டு உறங்கி எழுந்த வேளையில் மட்டும் பார்த்துவிட்டுச் செல்வதை ஒக்கும்.

கிணறும் வயலும்

கேரளத்தின் பொக்காளி நிலங்களில் மழைக்காலத்தில் நெல்லும், அதன் பின்னர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறாலும் ஒரே நிலத்தில் நெடுங்காலமாக விளைகின்றன. இதனைச் சான்றாகக் காட்டி, உப்புநீரால் நிலம் கெடாது என்று வாதிப்போர் உண்டு. பொக்காளியில் பெருமழை ஆண்டுதோறும் உப்பைக் கழுவி விடுகிறது. அந்நெல்லும் உப்பைத் தாங்கும் இனம். காவிரிக் கடைமடையில் பெய்யும் மழை கேரளத்து மழையில் பாதியளவே; அதுவும் ஓரிரு மாதங்களுக்குள் பெய்து ஓய்கிறது. ஒரு நாட்டின் பழக்கத்தை அதன் மழையை விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் பெயர்க்க முடியாது.

குட்டையில் நிற்கும் உப்புநீர் மணற்பாங்கான மண்ணில் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் கசியும். களிமண்ணில் கசிவு மிகக் குறைவு. ஆதலின் மண்ணின் இயல்பை அறியாமல் இத்தனை மீட்டர் தூரம் போதும் என்று சொல்வதற்கில்லை. ஆணையத்தின் நெறிமுறைகள் குடிநீர் நிலைகளுக்கு 100 மீட்டர் இடைவெளியும், விளைநிலத்துக்கு மண்ணைப் பொறுத்து 50 முதல் 100 மீட்டர் வரை இடைவெளியும் விடக் கூறின. வயலில் நெல் எப்போது தளரும் என்பதற்கும் அளவு உண்டு. மண்ணை நீரில் ஊறவைத்து வடித்த கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸ் அளவைத் தாண்டும்போது நெல் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. 4-ஐத் தாண்டிய நிலம் உவர்நிலம் எனப்படும். கடல்நீரின் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 50 ஆகும்.

எனினும் கடற்கரைக் கிணறு உப்பாவதற்குப் பண்ணை ஒன்றே காரணம் என்று எண்ணுவது தவறு. ஆழ்துளைக் கிணறுகளில் மிகையாக இறைத்தால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகும். ஆற்றில் நன்னீர் வரத்துக் குறைந்தாலும் அவ்வாறே. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையில் பல கிணறுகளையும் வயல்களையும் ஒரே நாளில் உப்பாக்கிச் சென்றது. இக்காரணங்களைப் பிரித்தறியும் வழி எளிமையானது. பண்ணைக் கரையிலிருந்து 50, 150, 300 மீட்டர் தூரங்களில் மூன்று கிணறுகளையும், அதே மண்ணும் கடலிலிருந்து அதே தூரமும் உடையதாய்ப் பண்ணை இல்லாத திசையில் ஒரு கிணற்றையும் தேர்ந்து, மாதம் ஒருமுறை ஒரே நாளில் அளக்க வேண்டும். நான்கும் சேர்ந்து உயர்ந்தால் காரணம் வேறு. பண்ணையை அடுத்த கிணறு முதலிலும், மற்றவை முறையே பின்னரும் உயர்ந்து, நான்காவது அசையாது நின்றால் ஐயத்துக்கு இடம் குறைவு. குட்டை நிரம்பிய மாதங்களில் உயர்ந்து, வற்றவிட்ட மாதங்களில் தணிவதும் ஒரு சான்றாகும்.

இவ்வேலைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மின்கடத்துதிறனைக் காட்டும் கைக்கருவி ஒன்றும், ஒழுங்காக எழுதும் குறிப்பேடும் போதும். கடலோர உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் தம் மாணவரைக் கொண்டு இதனைச் செய்ய இயலும். பண்ணைக்கு விண்ணப்பம் போடப்பட்ட நாளிலேயே தொடங்கினால், பின்னால் வரும் எந்த நிபுணரும் ஈடுசெய்ய முடியாத ஒன்று, அதாவது முந்தைய நிலையின் அளவு, அவர்கள் கையில் இருக்கும்.

சிறியன பல சேர்ந்தால்

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வகுக்கப்பட்ட நெறிமுறைகள் 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் நீர்ப்பரப்புடைய பண்ணைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின. 5 ஹெக்டேருக்கு மேற்பட்டவை கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குட்டை வைத்துக்கொள்ளவும் விதித்தன. நம் நாட்டு இறால் பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவை 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. சட்டத்தின் கண்ணி பெரிது, மீன்களோ சிறியன.

ஓர் ஓடையின் இரு கரையிலும் ஒரு ஹெக்டேர் அளவில் 40 பண்ணைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு பருவத்தில் 3 டன் இறால் விளைந்தால் மொத்தம் 120 டன். மேலே கண்ட கணக்கின்படி இறாலில் சேராது எஞ்சும் நைட்ரஜன் 7,200 கிலோகிராம். 40 ஹெக்டேரில் ஒரே முதலாளி நடத்தும் பண்ணையிலும் இதே அளவுதான் எஞ்சும். ஓடைக்கு இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு தெரியாது. ஆனால் முன்னதற்குத் தனித்தனி மதிப்பீடு தேவையில்லை, பின்னதற்கு உண்டு. சிறு பண்ணைக்காரர்கள் கூட்டாகச் சுத்திகரிப்புக் குட்டை அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற பரிந்துரை இக்குறையை உணர்ந்தே கூறப்பட்டது. ஆயினும் தன் ஒரு ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கைக் கழிவுநீருக்கு ஒதுக்குமாறு கடன்பட்ட விவசாயியிடம் சொல்வது எளிதான காரியமன்று. ஆகையால் மதிப்பிட வேண்டிய அலகு தனிப் பண்ணையன்று. அதன் நீர் சென்று சேரும் ஓடையே அலகாகும். ஓடையில் எத்தனை பண்ணைகள் நீர் எடுக்கின்றன, எத்தனை விடுகின்றன, அறுவடை எந்த வாரத்தில் ஒருசேர நிகழ்கிறது என்ற விவரங்களை ஊரில் இருப்பவரன்றிப் பிறர் அறியார்.

இவ்விவரம் பண்ணைக்காரருக்கே முதலில் உதவும். 1994-95-இல் வெண்புள்ளி நோய் கிழக்குக் கரையில் பரவி, புலி இறால் குட்டைகளைச் சில நாட்களில் அழித்தது. நோயுற்ற குட்டையின் நீரை ஒருவர் அவசரமாக வெளியேற்ற, அண்டையார் அதனையே தம் குட்டைக்குள் இறைத்துக்கொண்டனர். சுற்றுச்சூழலுக்குத் தீங்கு என்று வெளியார் கூறியது பண்ணைக்குள்ளேயே திரும்பி வந்தது. 2009 முதல் அமெரிக்கப் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வனாமி இறாலை வளர்க்க இசைவு அளிக்கப்பட்டது. தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையிலுள்ள நிலையத்தில் தனிமைப்படுத்தி ஆராயப்பட்ட பின்னரே குஞ்சு பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. இவ்வினத்தைச் சதுர மீட்டருக்கு 60 வரை விட அப்போதைய விதி இடம் தந்தது. குட்டையின் சுமையும் அதற்கேற்ப உயர்ந்தது.

அலையாத்திக் காடுகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். பிலிப்பைன்சில் 1920-ஐ ஒட்டி ஏறத்தாழ நாலரை லட்சம் ஹெக்டேராக இருந்த அக்காடுகள் 1990-களின் நடுவில் 1,20,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கின. மீன் குட்டைகளே அதற்குத் தலையாய காரணம். தமிழகத்தில் பிச்சாவரம், முத்துப்பேட்டை ஆகியவை காப்புக் காடுகள் ஆதலின் வெட்டப்படும் அபாயம் குறைவு. அவற்றுக்குச் செல்லும் நன்னீரும் ஓத நீரும் பண்ணைக் கரைகளால் திசை திருப்பப்படுகின்றனவா என்பதையே கவனிக்க வேண்டும். வானிலிருந்து எடுத்த படத்தில் மரம் நிற்பது தெரியும். அதன் வேரடியில் நீர் ஓடுகிறதா என்பது தெரியாது.

சட்டப்படி பண்ணைப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குரியதாக வகுக்கப்பட்டது. விண்ணப்பங்கள் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் அமைந்த குழுவின் முன் வந்தன. நான்கு கிணறுகளின் அறுபது மாதப் பதிவு, ஓடையின் இரு வேளை அளவுகள், அறுவடை நாட்களின் பட்டியல் ஆகியவை அத்தகைய குழுவின் மேசையில் வைக்கப்படுமாயின், பதிவைப் புதுப்பிப்பதா, நீர் விடும் முறையை மாற்றச் சொல்வதா, குட்டையைக் கைவிடச் சொல்வதா என்பதை அவ்வளவுகளைக் கொண்டே தீர்மானிக்க இயலும்.